ஆயிஷா நாயகி அறிவித்தார்களா, திருத்தினார்களா?

கடற்கரைப்பாய்:
ஆரம்பகால முஸ்லிம் பெண்கள்தான் மார்க்கத்தை உருவாக்கினார்கள் என்று ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டேன். மிகை. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்ததாகச் சொல்லப்படும் 2,210 ஹதீஸ்களும் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய செய்திகள்) "பார்த்தேன், கேட்டேன்" வகைதான். தபால்காரர் கடிதம் எழுதுவதில்லை, கொண்டுவந்து தருகிறார். அவ்வளவே.

ராத்தா63:
இன்னொருவர் கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்லும் தபால்காரர் உண்டா காக்கா (அண்ணா)? தொழுபவருக்கு முன்னால் நாயோ கழுதையோ பெண்ணோ போனால் தொழுகை முறியும் என்று பேச்சு வந்தபோது, எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே என்று ஆயிஷா நாயகி கேட்டார்கள். ரசூலுல்லாஹ் (நபியவர்கள்) தொழும்போது கிப்லா பக்கம் (அவர்கள் நோக்கித் தொழும் திசையில்) குறுக்கே படுத்திருப்பேன், ஸஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைக்க) வரும்போது தொடுவார்கள், காலை மடக்கிக்கொள்வேன் என்றார்கள். கூடவே, அந்நாளில் வீடுகளில் விளக்கு கிடையாது என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரியில் அறையே கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பான்மை இமாம்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) பெண் குறுக்கே போனால் தொழுகை முறியாது என்று சொன்னதற்கு இந்த அறையும் ஓர் ஆதாரம்.

ஹனஃபிப்பையன்:
அதே ஹதீஸை வைத்துத்தான் மனைவியைத் தொட்டால் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறியாது என்று எங்கள் ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) சொல்கிறோம். காக்கா ஷாஃபிஈ மத்ஹப் என்று நினைக்கிறேன், உங்களுக்கு முறியும் 🙂

கடற்கரைப்பாய்:
தம்பி, இடையில் துணி இருந்திருக்கலாம் என்று எங்கள் இமாம்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அதை விடுங்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற நபித்தோழியின் விஷயத்துக்கு வருவோம். மூன்று தலாக்கும் (முழு விவாகரத்து) ஆன பெண்ணுக்குக் காத்திருப்புக் காலத்தில் கணவரிடமிருந்து வீடும் இல்லை, செலவுக்கும் இல்லை என்று நபியவர்கள் தமக்குத் தீர்ப்புத் தந்ததாக அவர் சொன்னார். நினைவு வைத்திருந்தாரோ மறந்தாரோ தெரியாத ஒரு பெண்ணின் சொல்லுக்காகக் குர்ஆனை விட முடியாது என்று கலீஃபா உமர் (ரலி) தள்ளிவிட்டார்கள். இதுதான் நிலைமை.

ராத்தா63:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே ஃபாத்திமாவைக் கடுமையாக மறுத்த இன்னொருவர் ஆயிஷா நாயகிதான். ஒரு பெண்ணின் சொல்லை இன்னொரு பெண் எதிர்க்கிறார். கலீஃபா மறுத்த பிறகும் ஃபாத்திமாவின் சொல் சாகவில்லை, ஹன்பலி மத்ஹபின் இமாம் அஹ்மத் அதையே எடுத்துக்கொண்டார். ஹனஃபிகள் உமர் பக்கம், வீடும் செலவும் உண்டு. உங்கள் ஷாஃபிஈயில் வீடு உண்டு, செலவு இல்லை. ஒரு பெண் சொன்னதைச் சுற்றி மத்ஹபுகள் இன்றும் பிரிந்து நிற்கின்றன.

அப்புறம் இத்தாவுக்கு (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) வாருங்கள். புருஷன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் என்று குர்ஆனில் ஒரு வசனம், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை என்று இன்னொரு வசனம். கர்ப்பிணி விதவைக்கு எது? இரண்டில் நீண்டது என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ். அபூஸலமா பிரசவம் போதும் என்றார், அபூஹுரைராவும் அவர் பக்கம். ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) முட்டிக்கொண்டு நின்றபோது நபியவர்களின் இன்னொரு மனைவி உம்மு ஸலமாவிடம்தான் ஆள் அனுப்பினார்கள். அவர்கள் சுபைஆ என்ற பெண்ணின் கதையைச் சொன்னார்கள்.

கணவர் ஸஅத் பின் கவ்லா இறந்த கொஞ்ச நாளில் சுபைஆவுக்குக் குழந்தை பிறந்தது. பெண் கேட்டு வருபவர்களுக்காக அலங்கரித்துக்கொண்டார். நான்கு மாதம் பத்து நாள் முடியாமல் மறுமணம் கூடாது என்றார் அபுஸ்ஸனாபில் என்பவர். சுபைஆ சும்மா இருக்கவில்லை, சாயங்காலம் உடையை உடுத்திக்கொண்டு நேரே நபியவர்களிடம் போய்க் கேட்டுவிட்டார். பிரசவத்தோடு இத்தா முடிந்தது என்று பதில் வந்தது. இன்று நான்கு மத்ஹபும் அதுதான்.

கடற்கரைப்பாய்:
தீர்ப்பு நபியவர்களுடையது ராத்தா, சுபைஆவுடையது அல்லவே.

ஹனஃபிப்பையன்:
அபுஸ்ஸனாபில் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு நமக்கு வந்திருக்குமா காக்கா?

கடற்கரைப்பாய்:
சரி, தபால்காரரை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் "உருவாக்கினார்கள்" என்ற சொல்லை ஏற்கமாட்டேன்.

ராத்தா63:
அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை காக்கா. மேலே போய்ப் பாருங்கள், உங்கள் முதல் வரியில்தான் இருக்கிறது.