ஸ்கோர் ரீல் 7-இல் சிக்கிக்கொள்கிறது, மோட்டார் நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
1960களின் காட்லீப் கம்பெனி பின்பால் மெஷின் (பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு இயந்திரம்), ஒருவர் ஆடுவது. ஸ்டார்ட் அழுத்தினால் ஸ்கோர் மோட்டார் ஓயாமல் சுற்றுகிறது. புள்ளிகளைக் காட்டும் எண் உருளைகளில் (ரீல்) நூறுகளுக்கானது மட்டும் 7-இலேயே துடிக்கிறது. மற்றவை 0-க்கு வந்துவிடுகின்றன. பந்தைத் தட்டும் இடது ஃப்ளிப்பரிலும் வலு இல்லை. பேசாமல் எலக்ட்ரானிக் போர்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில் 1:
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். விட்டுவைத்தால் அந்த ரீலை நகர்த்தும் காயில் (மின்கம்பிச் சுருள்) கருகிவிடும். ரீல் துடிக்கிறது என்றால் மின்சாரம் வருகிறது, பல்சக்கரத்தைத் தள்ள முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய கிரீஸ் கோந்தாக இறுகியிருக்கும். ரீலைக் கழற்றி, அச்சையும் தள்ளும் கொக்கியையும் ஆல்கஹாலில் துடையுங்கள். காயிலுக்குள் போய்வரும் இரும்புத் தண்டு உலர்ந்தே இருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. ரீல் 0-க்கு வந்ததும் அதிலுள்ள ஸ்விட்ச் திறக்கும். அது திறக்காதவரை மோட்டார் நிற்காது.

பதில் 2:
ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. தடித்த கம்பி அடிப்பதற்கு, மெல்லியது தூக்கிப் பிடிப்பதற்கு. வீச்சின் கடைசியில் ஒரு ஸ்விட்ச் 2 மி.மீ. அளவுக்குத் திறந்து, மெல்லிய சுற்றை இணைப்பில் சேர்க்கும். அதன் முனைகள் கருகியிருந்தால் அடி தளரும்; திறக்காமலே போனால் காயில் எரியும். அந்த முனைகள் டங்ஸ்டன், அரம் போடலாம். ரிலேக்களில் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) இருப்பவை வெள்ளி, முரட்டு அரம் போட்டால் தேய்ந்துவிடும். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டையை வைத்து இழுத்தாலே போதும்.

பதில் 3:
தயவுசெய்து போர்டு வேண்டாம். 50 புள்ளி இலக்கில் பந்து பட்டால் ஸ்கோர் மோட்டார் ஐந்து துடிப்புகளை அனுப்புகிறது; பத்துகளின் ரீல் ஐந்து முறை நகர்கிறது, மணியும் ஐந்து முறை அடிக்கிறது. ஸ்கோர் தெரியும் கண்ணாடியைப் பார்க்காமலே எத்தனை புள்ளி என்று காது எண்ணிவிடும். அந்த மெஷினின் உயிரே அதுதான். பந்து ஓடும் தளத்தின் சாய்வையும் ஏறக்குறைய 3.5 பாகையில் வையுங்கள். புது மெஷின்களைப் போல 6.5 வைத்தால் பந்து சரசரவென இறங்கிவிடும், மேலே பந்தை எகிறவைக்கும் பம்பர்களுக்கு நடுவே அலையவே நேரம் இருக்காது.

கேள்வி கேட்டவர்:
கிரீஸ்தான். துடைத்ததும் 0-க்கு வந்துவிட்டது, மோட்டாரும் நிற்கிறது. ஆனால் பத்துகள் 9-இலிருந்து 0-க்குப் போகும்போது நூறு ஏறுவதில்லை.

பதில் 1:
பத்துகளின் ரீலில் 9-இல் மட்டும் மூடும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அடுத்த துடிப்பு அதன் வழியாகத்தான் நூறுகளுக்குப் போகிறது. ரீலைக் கையால் 9-இல் நிறுத்தி, ஸ்விட்ச்சின் தகடுகள் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடாவிட்டால் நீளமான தகட்டை அடிப்பக்கத்திலிருந்து மயிரிழை வளையுங்கள்.