புதிர்கள் சரியாக வருகின்றன, ஆட்டத்தில் காயைப் பறிகொடுக்கிறேன்: உதவி தேவை

கேள்வி:
வயது 31. ஆன்லைனில் பத்து நிமிட செஸ் ஆடுகிறேன். எட்டு மாதமாக ரேட்டிங் 900-ஐத் தாண்டவில்லை. தினமும் நாற்பது புதிர்கள் போடுகிறேன், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆட்டம் என்று உட்கார்ந்தால் மட்டும் குதிரையையோ யானையையோ சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடம் செய்யுங்கள். சிசிலியன் நல்லது.

பதில் 2:
ஓபனிங் இருக்கட்டும் தம்பி. அண்மையில் தோற்ற ஓர் ஆட்டத்தை முழுதாக எழுதுங்கள். தோற்றபோது கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது?

கேட்டவர்:
நேற்று இரவு, எனக்கு வெள்ளை. என் நகர்த்தல் முதலில், அவருடையது அடுத்து; எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை டி4. இ5 சிப்பாய் காவலில்லாமல் நின்றது; குதிரையால் வெட்டினேன். அவர் ராணியை ஜி5-க்குக் கொண்டுவந்தார். எஃப்7-இல் வெட்டினால் ராணிக்கும் யானைக்கும் ஒரே அடி என்று குஷியாக வெட்டினேன். ராணி ஜி2-ஐ வெட்டியது. யானையை எஃப்1-க்கு நகர்த்தினேன். ராணி இ4-ஐ வெட்டி செக். பிஷப்பை இ2-இல் குறுக்கே வைத்தேன். குதிரை எஃப்3, மேட்! மிச்சம் ஒன்பது நிமிடம் ஐயா.

பதில் 2:
அந்த ஒன்பது நிமிடத்தில்தான் விடை இருக்கிறது. இது பழைய பொறி. நானும் சிறுவயதில் விழுந்திருக்கிறேன். சிப்பாயை ஏன் விட்டுவைத்தார் என்று கேட்காமலே வெட்டிவிட்டீர்கள். ராணி ஜி5-க்கு வந்ததும் உங்கள் குதிரை, ஜி2 சிப்பாய் இரண்டுக்கும் ஆபத்து. உங்கள் கண்ணில் பட்டதோ உங்கள் அடி மட்டும். டி4-க்கு வந்த குதிரையைக் குதிரையால் வெட்டி, அவர் சிப்பாயால் திருப்பி வெட்டியதும் கோட்டை கட்டி (காஸ்லிங்) ராஜாவைப் பத்திரப்படுத்தியிருந்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. தேடுவதும் நம்முடைய அடியை மட்டுமே. ஆட்டத்தில் எதிராளி நகர்த்தியதும், அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, இதுவரை காத்த எதை விட்டுவந்தது என்று பாருங்கள். நகர்த்தலை முடிவு செய்தபின், மௌஸைத் தொடுமுன், அவருடைய செக்குகளையும் வெட்டுகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பத்து நிமிட ஆட்டத்தில் இந்தப் பழக்கம் வராது. பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்று வைத்து நாளுக்கு ஓர் ஆட்டம் போதும்.

பதில் 3:
மனம் தளராதீர்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தின் 14-ஆவது ஆட்டம் டிராவை நோக்கித்தான் போனது. அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகளை வெட்டிக்கொண்டபின், ஏ8 மூலையில் கிடந்த தன் பிஷப்பையும் எதிராளி குகேஷ் கட்டாயமாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதைக் கவனிக்கவில்லை. பட்டமே போயிற்று.

பதில் 2:
அவர் பதினான்கு ஆட்டம் ஆடிக் களைத்தவர். தம்பி ஒரே நிமிடத்தில் களைத்துவிட்டார்!

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):
பதினொரு ஆட்டங்கள். ஆறில் தோல்வி, ஆனால் காயைச் சும்மா கொடுத்தது இரண்டில்தான். நேற்று ஒருவர் அதே குதிரையை டி4-க்குக் கொண்டுவந்தார். கை துறுதுறுத்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு குதிரையால் குதிரையை வெட்டினேன். அதன்பின் அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டத்தில் தோற்றேன். அதைத் தனி இழையில் கேட்கிறேன் ஐயா.