ஆந்தூரியத் தொட்டிகளில் படரும் பச்சைத் தகடு என்ன?

கேள்வி (கியூர்பிப், மொரீசியஸ்):
வணக்கம். நிழல்வலைக்குக் கீழே நான் வளர்க்கும் ஆந்தூரியத் தொட்டிகளின் மேற்பரப்பில், சில மாதங்களாகப் பச்சைத் தகடு போன்ற ஒன்று கவடு கவடாகப் பிரிந்து படர்கிறது. அதன் மேல் வட்டமான சிறு கிண்ணங்களும், அவற்றுக்குள் எள்ளினும் சிறிய பச்சைப் பொட்டுகளும் காணப்படுகின்றன. ஓடைக்கரையிலும் இதையே பார்த்தேன். இது செடிக்குக் கேடு செய்யுமா?

பதில் 1:
ஐயா, நீங்கள் சொல்வது பாசியை ஒத்த, பூக்காத சிறு தாவரங்களான லிவர்வோர்ட் வகையைச் சேர்ந்த மார்கான்ஷியாவாக இருக்க வேண்டும். கிண்ணம் பிறை வடிவில் இருந்திருந்தால் லூனுலேரியா என்று சொல்லியிருப்பேன். இதற்கு உண்மையான வேர் இல்லை. மயிரிழை போன்ற வேரிகளால் மண்ணைப் பற்றிக்கொள்கிறது. தகட்டின் மேலுள்ள காற்றுத்துளைகளை, மற்றச் செடிகளின் இலைத்துளைகளைப் போல மூடிக்கொள்ள இயலாததால், ஈரமும் நிழலும் குறையாத இடத்தையே அது நாடுகிறது. கிண்ணத்தில் உள்ள பொட்டுகள் ஜெம்மாக்கள். நீர்த்துளி விழும் வேகத்தில் அவை தெறித்து, விழுந்த இடத்தில் புதிய செடியாகின்றன. ஆகவே மேலிருந்து பூவாளியால் நீர் ஊற்றும்போது நீங்களே அதை விதைக்கிறீர்கள்!

அது ஆந்தூரியத்தை உறிஞ்சி வாழ்வதில்லை. ஆனால் அடர்ந்த விரிப்பாகிவிட்டால், ஊற்றும் நீரும் உரமும் கீழே இறங்குவது தடைப்படும்.

பதில் 2 (செயிண்ட் ஆந்த்ரே, ரீயூனியன்):
தொட்டியில் களையாகத் தெரிவதை ஓடைக்கரையில் களை என்று சொல்லிவிட வேண்டாம். மண் சரிந்து வெறுமையாகிவிட்ட ஈரக்கரையில் முதலில் குடியேறுபவற்றுள் இதுவும் ஒன்று. மழைத்துளி மண்ணை நேரே அறையாதபடி மூடி, பிற செடிகளின் விதை முளைப்பதற்கான ஈரத்தையும் காத்துவைக்கிறது. காட்டுத்தீ எரித்த நிலத்திலும் மார்கான்ஷியா பாலிமார்ஃபா விரைவாகப் பரவுவது நன்கு அறியப்பட்டது. எங்கள் பெபூர், பெலூவ் காடுகளில் மரத்தண்டுகளைப் போர்த்தியிருப்பவற்றுள் இதன் உறவினரான இலையுடைய லிவர்வோர்ட்டுகளும் உண்டு. அவை மூடுபனியின் நீரைப் பஞ்சு போலப் பிடித்து மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஓடைக்கரையில் உள்ளதைத் தொடப்போவதில்லை. தொட்டியில் உள்ளதைச் சுரண்டி எடுத்தாலும் மீண்டும் வருகிறதே?

பதில் 1:
சுரண்டும்போது உதிரும் துண்டும் ஜெம்மாவும் மீண்டும் முளைக்கும். எடுத்த பின் மேற்பரப்பில் பருமனான தேங்காய் மட்டைத் துண்டுகளையோ சரளைக் கல்லையோ பரப்பி, அது உலர்ந்திருக்கும்படி காலையில் மட்டும் அடித்தண்டருகே நீர் விடுங்கள். உரத்தையும் மேலே தூவாமல் உள்ளே புதைத்து இடுங்கள். நைட்ரஜனும் மணிச்சத்தும் மேற்பரப்பில் தங்குமிடத்தில்தான் இது கொழுத்து வளர்கிறது.