சம்ப் தண்ணீரில் ஈ.கோலை: ப்ளீச்சிங் பவுடர் போட்டும் போகவில்லை, என்ன செய்வது?

மாடிவீட்டுக்காரி:
மடிப்பாக்கத்தில் தனி வீடு. தரைக்கடியில் உள்ள 6000 லிட்டர் சம்ப் தொட்டியில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து விழும். மழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. லேபில் கொடுத்தால் ஈ.கோலை கிருமி இருக்கிறதாம். ஆள் வைத்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடரும் போட்டாயிற்று. அடுத்த டெஸ்ட்டிலும் அதே ரிசல்ட். இன்னும் அதிகமாகப் போடணுமா?

வேளச்சேரி குமார்:
குடிக்க ஆர்.ஓ இருக்கிறதல்லவா மேடம்? அப்புறம் என்ன கவலை?

பழைய பிளம்பர்:
அப்படி விட முடியாது தம்பி. பல் தேய்ப்பதும் கீரை அலசுவதும் குழாய்த் தண்ணீரில்தானே. பிள்ளைகள் குளிக்கும்போது ஒரு வாய் விழுங்கத்தான் செய்யும்.

அம்மா, சரியாகும்வரை இதற்கெல்லாம் தளதளவென்று கொதித்து ஆறிய தண்ணீர். பவுடரை இப்போது கூட்ட வேண்டாம். ஈ.கோலை மலத்திலிருந்து வருவது. கழுவிய சம்ப்பில் திரும்ப வருகிறது என்றால் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம்?

மாடிவீட்டுக்காரி:
எட்டு அடி இருக்கும் சார். இடமே அவ்வளவுதான்.

பழைய பிளம்பர்:
அதைத்தான் நினைத்தேன். நிறைந்த சம்ப் வெளியே கசியும், தெரியாது. பாதி காலியானதும், மழையில் ஊறிய மண்ணிலிருந்து தண்ணீர் உள்ளே வரும். ராத்திரி ஒரு அடி விட்டு மீதியை மேலே ஏற்றுங்கள். லாரி, போர் இரண்டையும் நிறுத்தி, குச்சியில் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மாடிவீட்டுக்காரி:
மூன்று விரற்கடை ஏறியிருக்கிறது! டார்ச் அடித்துப் பார்த்தால் செப்டிக் பக்கச் சுவரில் ஈரக்கோடு. அங்கே குழாய் நுழையும் இடத்தில் சிமெண்டும் பெயர்ந்திருக்கிறது.

பழைய பிளம்பர்:
பிடித்துவிட்டீர்கள். வாட்டர்ப்ரூஃபிங் கலவை சேர்த்து உள்ளே பூசவேண்டும். முடிந்தால் அந்தக் குழாயை வேறு பக்கம் மாற்றிவிடுங்கள். ஆனால் ஆளைத் தனியாக உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்கவேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. சம்ப் சாவுகள் பல அப்படித்தான் இரட்டைச் சாவாகின்றன.

சிமெண்ட் இறுகியதும் சம்ப்பை நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்கில் ஒரு தடவை. 6000 லிட்டருக்கு 30 சதவீதப் பவுடர் ஒரு கிலோ. புதுப் பாக்கெட்டாக வாங்குங்கள், திறந்து கிடந்ததில் வீரியம் இருக்காது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். மேல்தொட்டிக்கு ஏற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும், யாரும் புழங்கக் கூடாது. காலையில் வாடை போகும்வரை வெளியேற்றுங்கள், செப்டிக்குக்கும் செடிக்கும் விடாமல்.

டாய்லெட் ஆசிடைப் பவுடர் பக்கத்திலேயே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு.

வேளச்சேரி குமார்:
ஆர்.ஓ?

பழைய பிளம்பர்:
நல்ல கேள்வி தம்பி. முதலிலேயே அதன் வால்வை மூடிவிடவேண்டும், அவ்வளவு குளோரின் மெம்பரேனைக் கெடுத்துவிடும். பிறகு மெக்கானிக்கை வைத்து அதன் சேமிப்புத் தொட்டியையும் கழுவச் சொல்லுங்கள். சுத்திகரித்த தண்ணீரில் குளோரின் இருக்காது, ஒரு கிருமி புகுந்தாலும் அங்கே சுகமாக வளரும்.

மாடிவீட்டுக்காரி:
தினசரிக்கு எவ்வளவு போடுவது சார்?

பழைய பிளம்பர்:
நிரப்பும்போது ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம், உங்களுக்கு 15 கிராம். அரை மணி கழித்து மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் குளோரின் கிட்டில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால் போதும், குறைந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். குளோரின் வாடை போய் ஒரு வாரம் கழித்துத் திரும்ப டெஸ்ட். சம்ப், மேல்தொட்டி, சமையலறைக் குழாய், போர் நான்கிலும் தனித்தனி பாட்டில்.

மாடிவீட்டுக்காரி:
போரை நினைக்கவே இல்லை! மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ரிசல்ட் வந்ததும் போடுகிறேன்.