ஈய பெயின்ட்: வாடகை வீட்டுச் சட்ட வரைவுக்கு உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் நகர மன்றத்துக்கு ஈயத் தடுப்புச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரிக்கிறோம். 1978-க்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கானது. மாதிரி, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் 2005-ல் நிறைவேற்றிய சட்டம்: குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஆய்வு.

இழுபறி தூசிச் சோதனையில்தான். கண்ணால் பார்த்தால் உரிந்த பெயின்ட் மட்டுமே மாட்டும். மேலும் கீழும் தள்ளும் பழைய ஜன்னல் உரசி உதிர்க்கும் பொடி விளிம்பில் படிந்திருக்கும்; வெளியே புதுப் பூச்சு பளபளக்கும். ராச்செஸ்டரில் ஆபத்து அதிகமான பகுதிகளில், பார்வை ஆய்வில் தேறிய வீட்டிலும் சோதனைக்குத் தூசி மாதிரி எடுக்கிறார்கள். தரையில் ஒரு சதுர அடி அளந்து, ஈரத்துணியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செலவைக் காட்டி இதை எங்கள் வரைவிலிருந்து வெட்டச் சிலர் பார்க்கிறார்கள்.

வக்கீல்கள் யாராவது: அமெரிக்க மத்திய அரசின் 2024 தூசி ஈய வரம்பை (சதுர அடிக்குத் தரையில் 5, ஜன்னல் விளிம்பில் 40 மைக்ரோகிராம்) எண்ணாகவே எழுதுவதா, 'அப்போது நடப்பிலுள்ள மத்திய விதி' என்பதா? பின்னால் தளர்த்தினால் நம் சட்டமும் தளருமே.

புகார் செய்த குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கும் பிரிவுக்கும் வாசகம் வேண்டும். ராச்செஸ்டர், கிளீவ்லாண்டில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் ஆய்வறிக்கையும் ஆய்வுச் செலவு ரசீதும் முகவரியை மறைத்து அனுப்பினால் பேருதவி.