எங்கள் சாலைக்கு மட்டம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்

வணக்கம். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் சாலையை மாற்றியமைக்கப் போகிறார்கள். குடியிருப்போர் சார்பில் யோசனை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, எங்கள் வாசல் இரண்டு படி கீழே போய்விட்டது. ஐப்பசி மழையில் வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் சமையலறைக்கு வருகிறது. மூடியில்லாத வடிகாலுக்கு நாங்கள் நட்ட வேப்பங்கொம்புதான் எச்சரிக்கைப் பலகை! நடைபாதையில் 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை. இங்கே டிரான்ஸ்பார்மரே பாதியை அடைத்து நிற்கிறது.

சாலை மட்டமும் வடிகால் சரிவும் அளக்கத் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிறு காலை வர முடியுமா? கருவியும் கொண்டுவந்தால் புண்ணியம். காபி, பணியாரம் என் பொறுப்பு.