வேர்டில்: கடைசி நான்கு எழுத்தும் பச்சை, முதல் எழுத்து மட்டும் சிக்குவதில்லை. உதவி தேவை

கட்டப்பிரியை:
வணக்கம். வேர்டில் (ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டம்) ஆடுபவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நேற்று மூன்றாவது வரியில் 'நைட்' (இரவு) போட்டேன். ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சை, அதாவது எழுத்தும் இடமும் சரி. முதல் கட்டம் மட்டும் சாம்பல், அந்த எழுத்து விடையில் இல்லை. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்து லைட், ரைட், ஃபைட். மூன்று வரியும் போச்சு, விடை 'மைட்'. நல்ல நீளமான ஸ்ட்ரீக் (தொடர் வெற்றி) அதோடு உடைந்தது. எனக்கும் அத்தைக்கும் தினமும் காலையில் இதுதான் பேச்சு என்பதால் மனசு கேட்கவில்லை.

நான் ஹார்ட் மோடில் (கிடைத்த பச்சை, மஞ்சள் எழுத்துகளை அடுத்த வரிகளிலும் பயன்படுத்தியே ஆக வேண்டிய முறை) ஆடுகிறேன். கேட்க வந்தது இரண்டு. இப்படி ஒரே வால் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் வேறு எவை? மாட்டிக்கொண்டால் தப்பிக்க ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை அதிர்ஷ்டம் மட்டும்தானா?

சொல்வேட்டை:
அதிர்ஷ்டம் மட்டும் இல்லை சகோதரி. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ-ஜி-எச்-டி என்று முடியும் பழக்கமான ஐந்தெழுத்துச் சொற்கள் எட்டு: எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட் (பார்வை), டைட். நைட் போனால் மீதி ஏழு. உங்களிடம் இருந்ததோ மூன்று வரி. ஹார்ட் மோடில் பச்சையை அசைக்க முடியாது, வரிக்கு ஒரு எழுத்துதான் சோதிக்கலாம். அதாவது ஏழில் மூன்று வாய்ப்பு. எப்படி ஆடியிருந்தாலும் அந்த இடத்தில் இதற்கு மேல் கிடைத்திருக்காது.

சாதாரண மோடில் இதே நிலை வந்தால் நூற்றுக்கு நூறு தப்பலாம். நான்காவது வரியில் 'டெர்ம்ஸ்' போடுங்கள். அது விடையே இல்லை என்று தெரிந்தேதான் போடுகிறோம். இ, ஆர், எம், எஸ் நான்கில் எது நிறம் மாறுகிறதோ அதுதான் முதல் எழுத்து: எயிட், ரைட், மைட், சைட். டைட் எப்படித் தெரியும்? டெர்ம்ஸின் முதல் எழுத்தே டி. விடையின் கடைசியில் எப்படியும் ஒரு டி இருப்பதால் அது மஞ்சளாகவாவது (எழுத்து உண்டு, இடம் வேறு) வரும். விடை டைட் ஆக இருந்தால் மட்டும் பச்சையாகும். எதுவுமே மாறவில்லை என்றால் ஃபைட், லைட் இரண்டுதான் மீதி. கையில் ஐந்தாவது, ஆறாவது வரி இருக்கிறது. முடிந்தது.

மாலைநேரம்:
அகராதியில் இதே வாலோடு 'வைட்', 'பைட்' எல்லாம் இருக்கிறதே? இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் தீவின் பெயரில் வரும் வைட், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் பெரிய வளைவின் பெயரில் வரும் பைட். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சொல்வேட்டை:
நல்ல கேள்வி. முயற்சியாகப் போட்டால் ஆட்டம் ஏற்கும். விடையாக வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதனால் கடைசியில்தான் யோசிப்பேன். ஜோஷ் வார்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தன. அவருடைய துணைவர் பாலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தது தெரியாதது என்று பிரித்து, விடைப் பட்டியலைச் சுமார் 2,500 ஆகக் குறைத்தார். பட்டியல் பெரும்பாலும் அன்றாடச் சொற்களாக இருப்பதற்கு அதுதான் காரணம். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகும் அந்தக் குணம் பெரிதாக மாறவில்லை.

பச்சைமிளகாய்:
சாதாரண மோட் கதை சரி அண்ணா, அக்கா கேட்டது ஹார்ட் மோட்.

அக்கா, ஹார்ட் மோடில் மாட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மாட்டுவதற்கு முன்னால்தான் வேலை. வால் முழுசும் தெரிவதற்கு முன்பே முன்னெழுத்துகளைச் சோதித்துவிட வேண்டும். நான் 'மெரிட்' என்று ஆரம்பிப்பேன். விடை இந்தக் குடும்பத்தில் ஒன்றாக இருந்தால் டி பச்சை, ஐ மஞ்சள் வரும். கூடவே எம், இ, ஆர் மூன்றும் சோதித்தாகிவிட்டது. மூன்றும் சாம்பல் என்றால் அடுத்த வரி 'ஃபிளிண்ட்'. ஐ வேறு கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது, டி அதே இடத்தில் நிற்கிறது, ஹார்ட் மோட் விதி எதுவும் மீறப்படவில்லை. இப்போது எஃப், எல், என் மூன்றும் சோதித்தாகிவிட்டது. அதுவும் சாம்பலா? எட்டில் ஆறு போய் சைட், டைட் இரண்டே மிச்சம், நான்கு வரி கையில்.

நைட், லைட் மாதிரி சொற்களை இரண்டாவது மூன்றாவது வரியிலேயே போடாதீர்கள். நான்கு பச்சை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஹார்ட் மோடில் அது எலிப்பொறி.

கட்டப்பிரியை:
மெரிட், ஃபிளிண்ட்! இது எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி தம்பி. பட்டியல் கேட்டேனே, அதற்கு வழி உண்டா? இணையத்தில் அன்றைய விடையைச் சொல்லிவிடும் பக்கங்கள்தான் முதலில் வருகின்றன. எனக்கு விடை வேண்டாம், குடும்பங்கள் மட்டும் போதும்.

மாலைநேரம்:
நீங்களே எடுக்கலாம். ஐந்தெழுத்துச் சொல் பட்டியல் ஒன்றை இறக்கி, எக்செல்லில் ஒரே நெடுவரிசையில் போடுங்கள். கஸ்டம் ஃபில்டரில் 'ஈக்வல்ஸ்' தேர்ந்து, ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி அந்த நான்கு எழுத்து. கேள்விக்குறி என்றால் 'இங்கே ஏதோ ஓர் எழுத்து' என்று அர்த்தம். தொடர் எங்கே வந்தாலும் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி. ஓ-யு-ஜி-எச் போட்டுப் பாருங்கள், காஃப், ரஃப், டஃப், டோ எல்லாம் வரும். தொடர் தொடக்கத்தில் இருக்கிற 'ஆட்'டும் கூடவே வரும்.

சொல்வேட்டை:
என் கண்ணில் மோசமான குடும்பங்கள்: ஓ-யு-என்-டி முடிவு (ஃபவுண்ட், ரவுண்ட், சவுண்ட், பவுண்ட், ஹவுண்ட், மவுண்ட்...), ஏ-டி-சி-எச் முடிவு (கேட்ச், மேட்ச், பேட்ச், லேட்ச், வாட்ச், ஹேட்ச்...). நடுவில் ஓட்டை விழும் குடும்பமும் உண்டு: ஷேட், ஷேக், ஷேல், ஷேம், ஷேப், ஷேர், ஷேவ். ஏழு சொல், நான்காவது எழுத்து மட்டும் வேறு.

இரண்டு ஓட்டை இருந்தால் இன்னும் கஷ்டம். 2022 செப்டம்பரில் 'பேரர்' விடையாக வந்த அன்று பலருடைய ஸ்ட்ரீக் போனது. தோல் சீவும் கருவி யாருக்கு நினைவு வரும்? பேப்பர், பேஜர், வேஜர், வாட்டர் என்று எல்லோரும் வரிசையாகச் செலவழித்துவிட்டார்கள்.

கட்டப்பிரியை:
ஷேர் குடும்பத்துக்கு என்ன போடுவது? அத்தை சாதாரண மோட்தான். அவர் அடிக்கடி அங்கேதான் நிற்கிறார்.

சொல்வேட்டை:
அத்தைக்கு 'கிளாம்ப்' சொல்லுங்கள். மூன்றாவது வரியில் ஷேர் போட்டு ஆர் மட்டும் சாம்பல் என்றால், நான்காவது கிளாம்ப். எல், எம், பி மூன்றில் ஒன்று நிறம் மாறினால் ஷேல், ஷேம், ஷேப் எது என்று தெரிந்துவிடும். மாறவில்லையா, ஐந்தாவது வரியில் 'டிரிங்க்'. அதன் முதல் எழுத்து மாறினால் ஷேட், கடைசி எழுத்து மாறினால் ஷேக், இரண்டும் இல்லை என்றால் ஷேவ். ஆறாவது வரியில் விடை எழுதலாம்.

அதே கிளாம்ப் கேட்ச் குடும்பத்துக்கும் வேலை செய்யும். சி பச்சையானால் கேட்ச், மஞ்சளானால் கேட்ச் இல்லை. எல், எம், பி வழக்கம்போல லேட்ச், மேட்ச், பேட்ச்.

பச்சைமிளகாய்:
ரவுண்ட் குடும்பத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா. அங்கே நான் 'ஃபிரம்ப்' போடுவேன். எஃப், ஆர், எம், பி நான்கும் ஒரே வரியில் தெரிந்துவிடும்.